ஜிஎன்இ மரபணு: ஒரு அறிக்கையில் வி696எம், இன்னொன்றில் வி727எம். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே மாறுபாடுதானா?

பீனிக்ஸ்_இயன்முறை

வணக்கம். மரபணு ஆய்வகத்தில் இருப்பவர்களும் தசை நோய் பார்ப்பவர்களும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டுகிறேன்.

ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவர். அண்ணன் முப்பதுகளின் நடுவில், தங்கை இருபதுகளின் கடைசியில். இருவருக்கும் பாதம் தொங்குகிறது. குதிகாலில் நடக்க முடியவில்லை, நுனிக்காலில் நிற்க முடிகிறது. முன்தொடைத் தசையின் பலம் இருவருக்கும் ஐந்துக்கு ஐந்து. பின்தொடை அண்ணனுக்கு மூன்றுக்கு இறங்கிவிட்டது. ரத்தத்தில் சிகே (தசை சிதைந்தால் கூடும் நொதி) அண்ணனுக்கு 480, தங்கைக்கு 310. நரம்புக் கடத்தல் சோதனை இருவருக்கும் சரியாக இருக்கிறது. அண்ணனுக்கு முதலில் நரம்பு நோய் என்றும் பிறகு தசை அழற்சி என்றும் சொல்லி சில மாதம் ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். பலன் இல்லை.

இப்போது இருவருக்கும் எக்ஸோம் சோதனை (மரபணுக்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளைப் படிப்பது) முடிந்திருக்கிறது, ஆனால் வேறு வேறு ஆய்வகங்களில். அண்ணன் அறிக்கையில் ஜிஎன்இ மரபணுவில் வி696எம் (புரதத்தின் 696ஆம் அமினோ அமிலம் வேலினிலிருந்து மெத்தியோனினாக மாறியது), தங்கை அறிக்கையில் வி727எம். இருவருக்கும் அந்தப் புரதத்தின் முன்பாதியான எபிமரேஸ் பகுதியில் இன்னொரு மாறுபாடும் உண்டு. அதன் எண்ணும் இரண்டு தாளில் இரண்டு விதமாக இருக்கிறது. குடும்பத்தின் தனியுரிமைக்காக அதை இங்கே போடவில்லை. அண்ணன் தாளில் அது 'நோய் உண்டாக்கக்கூடியது', தங்கை தாளில் 'பொருள் தெளிவாகாதது'.

என் கேள்விகள்: இரண்டு தாளும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா? தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இல்லை, மாறுபாடுகள் எதிரெதிர் குரோமோசோமில் இருப்பதை எப்படி உறுதி செய்வது? 'இது கைனேஸ் மரபணு, கைனேஸைத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றனவே' என்று வீட்டில் கேட்கிறார்கள், அதற்கு என்ன பதில்? தசை பயாப்சி இனியும் தேவையா?

---

மூலக்கூறு_மேசை

வி696எம், வி727எம் இரண்டும் ஒரே மாற்றம். ஜிஎன்இ விஷயத்தில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மரபணுவிலிருந்து வரும் புரதத்துக்கு நீளம் வேறுபட்ட வடிவங்கள் உண்டு. பழைய ஆய்வுகள் எல்லாம் 722 அமினோ அமிலம் கொண்ட வடிவத்தை வைத்து எண்ணின. அதன் டிரான்ஸ்கிரிப்ட் (மரபணுவின் ஆர்என்ஏ நகல்) எண் என்எம்_005476. பிறகு 753 அமினோ அமிலம் கொண்ட நீண்ட வடிவத்தை வைத்து எண்ணுவது நல்லது என்று இந்தத் துறையில் பரிந்துரை வந்தது, அது என்எம்_001128227. வித்தியாசம் 31 அமினோ அமிலம், அதாவது டிஎன்ஏ எழுத்தில் 93. ஆகவே இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒரு கழித்தல் போட்டாலே போதும்:

வி696எம் உடன் 31 கூட்டினால் வி727எம். டிஎன்ஏ எழுத்தில் சி.2086 ஜி>ஏ உடன் 93 கூட்டினால் சி.2179 ஜி>ஏ. யூதக் குடும்பங்களில் பரவலாக உள்ள எம்712டி (M712T) இப்போது எம்743டி (M743T) ஆனதும், ஜப்பானில் உள்ள வி572எல் வி603எல் ஆனதும், டி176வி (D176V) டி207வி (D207V) ஆனதும் இதே கணக்கில்தான்.

உங்களிடம் உள்ள இரண்டாவது மாறுபாட்டுக்கும் இதையே செய்யுங்கள். புரத எண்ணில் சரியாக 31, டிஎன்ஏ எண்ணில் சரியாக 93 வந்தால் ஒரே மாற்றம். ஒன்றில் சரியாகி இன்னொன்றில் பிசகினால் தட்டச்சுப் பிழை, உடனே ஆய்வகத்தைக் கேளுங்கள். ஒரு தாளுக்குள்ளேயே இன்னொரு சோதனையும் செய்யலாம்: டிஎன்ஏ எண்ணை மூன்றால் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் அமினோ அமில எண் வர வேண்டும். 2179ஐ மூன்றால் வகுத்தால் 726.33, ஆகவே 727.

அறிக்கையின் பின்பக்கத்தில் குரோமோசோம் 9இன் ஆயத்தொலை எண் இருக்கும். அதை ஒப்பிடும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரு ஆய்வகம் ஜிஆர்சிஎச்37, இன்னொன்று ஜிஆர்சிஎச்38 என்ற மனித ஜீனோம் பதிப்பைப் பயன்படுத்தியிருந்தால் எண்கள் ஒத்துப்போகாது. அடுத்து, ஜிஎன்இ மரபணு எதிர் இழையில் இருக்கிறது. அதனால் மரபணு எழுத்தில் 'ஜி>ஏ' என்று இருப்பது ஜீனோம் எழுத்தில் 'சி>டி' என்று வரும். இதைப் பார்த்துவிட்டு வேறு மாற்றம் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

இனி எதிரெதிர் குரோமோசோம் கேள்வி. இது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படும் நோய், இரண்டு பிரதியும் பழுதாக வேண்டும். இருவருக்கும் இரண்டு மாறுபாடும் இருக்கின்றன என்பது மட்டும் போதாது. இரண்டும் ஒரே குரோமோசோமில் உட்கார்ந்து, அந்தக் குரோமோசோமை இருவரும் பெற்றிருந்தாலும் தாளில் இதே படம்தான் தெரியும். சாதாரண எக்ஸோம் துண்டுகள் 150 எழுத்து நீளம். எபிமரேஸ் பகுதிக்கும், வி727எம் இருக்கும் கைனேஸ் பகுதிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான எழுத்து. அந்தத் துண்டுகளால் இதைத் தீர்க்க முடியாது.

தாய் தகப்பன் இல்லாதபோது எளிய வழி அண்ணனின் பிள்ளைகள். எதிரெதிராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் சரியாக ஒன்று வந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டுமே இல்லை என்றால் அவை ஒரே குரோமோசோமில் இருக்கின்றன என்று பொருள். ஒரு பிள்ளைக்கு இரண்டும் இருந்தால் உடனே முடிவுக்கு வர வேண்டாம்: வி727எம் தெற்காசிய வம்சாவளியினரிடம் மற்றவர்களைவிட அதிகம், மனைவி வழியாகவும் அது வந்திருக்கலாம். மனைவியின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் அவர்களைத் தொடாதீர்கள். நோய் இல்லாத மூத்த உடன்பிறப்பு யாராவது இருந்தால், அவரிடம் ஒன்று மட்டும் இருந்தாலே விடை கிடைத்துவிடும்.

உறவினர் யாரும் கிடைக்காவிட்டால் நீள்துண்டு வரிசையாக்கம். அல்லது ரத்தத்திலிருந்து ஆர்என்ஏ எடுத்து, 2262 எழுத்து உள்ள முழுக் குறியீட்டுப் பகுதியையும் ஒரே துண்டாகப் பெருக்கிப் படிக்கலாம். குறியீட்டுப் பகுதிகளுக்கு நடுவே உள்ள இன்ட்ரான்கள் போய்விடுவதால் இரண்டு மாறுபாடும் ஒரே துண்டில் வந்துவிடும். அதற்கு ஆர்என்ஏ காக்கும் பாக்ஸ்ஜீன் வகைக் குழாய் வேண்டும், சாதாரண ஊதா மூடிக் குழாய் போதாது. டிஎன்ஏவுக்கு மட்டும் என்றால் ஊதா மூடி ஈடிடிஏ குழாய், 4 டிகிரியில். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்து அனுப்பினால் ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வண்டியில் போகும் மாதிரி என்றால் வெள்ளிக்கிழமை மாலை எடுக்காதீர்கள், சனி ஞாயிறு எங்கோ ஒரு மேசையில் கிடக்கும்.

---

சர்க்கரை_நொதி

கைனேஸ் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஜிஎன்இ புரதம் ஒரே சங்கிலியில் இரண்டு நொதி. முன்பாதி எபிமரேஸ்: யுடிபி-என்-அசிட்டைல் குளுக்கோசமைனை என்-அசிட்டைல் மன்னோசமைனாக மாற்றுகிறது. பின்பாதி கைனேஸ்: ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அந்த மன்னோசமைனின் ஆறாம் கார்பனில் ஒட்டுகிறது. அதன் பிறகு வேறு நொதிகள் அதைச் சயாலிக் அமிலமாக்குகின்றன. செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களின் சர்க்கரைக் கிளைகளின் நுனியில் உட்காருவது இந்தச் சயாலிக் அமிலம்தான்.

புற்றுநோய் மாத்திரைகள் தடுக்கும் கைனேஸ்கள் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டுபவை, அங்கே வேலை மிஞ்சிப்போவதுதான் சிக்கல். ஜிஎன்இ சர்க்கரையில் ஒட்டும் கைனேஸ், இங்கே வேலை குறைந்துபோனதுதான் சிக்கல். குறைந்திருப்பதைத் தடுக்கும் மாத்திரை எந்த உதவியும் செய்யாது. குடும்பத்தாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இணையத்தில் வாங்கிச் சாப்பிட யாராவது முனைந்தால் தேவையில்லாத கேடு வரும்.

வி727எம் கைனேஸ் பாதியில் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் இரண்டாவது மாறுபாடு எபிமரேஸ் பாதியில். ஒரு பிரதியில் ஒரு பாதி, மற்றதில் இன்னொரு பாதி என்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஜிஎன்இ பல சங்கிலிகள் சேர்ந்த கூட்டாக வேலை செய்கிறது. ஒரு பாதியில் வரும் மாற்றம் மறுபாதியின் வேகத்தையும் குறைக்கலாம் என்று நொதிச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அப்படி முழுதாக ஈடாவதில்லை.

இரண்டு பிரதியும் முழுமையாகச் செயலற்றுப்போனால் உயிரே தரிக்காது; எலிகளில் மரபணுவை முழுதாக நீக்கியபோது கரு ஆரம்பத்திலேயே இறந்தது. நோயாளிகளிடம் குறைந்தபட்சம் ஒரு பிரதியாவது கொஞ்சம் வேலை செய்கிறது. அறிக்கை ஒன்றில் இரண்டு மாறுபாடும் புரதத்தையே அறுத்துவிடும் வகை என்று வந்தால், அந்த அறிக்கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எபிமரேஸ் பாதியில் இன்னொரு இடம் இருக்கிறது, சயாலிக் அமிலம் மிஞ்சும்போது நொதிக்கு நிறுத்தம் போடும் பூட்டு. அங்கே ஒரு பிரதியில் மாற்றம் வந்தாலே சயாலூரியா என்ற முற்றிலும் வேறு நோய் வரும், சிறுநீரில் சயாலிக் அமிலம் கொட்டும். தசை நோய்க்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அறிக்கையில் 'இதே மரபணுவின் பிற நோய்கள்' என்று அந்தப் பெயரைப் பார்த்துக் குடும்பம் கலங்கினால் விளக்கிச் சொல்லுங்கள்.

---

தசை_நுண்ணோக்கி

பயாப்சி பற்றி.

இரண்டு மாறுபாடும் நோய் உண்டாக்குபவை என்று உறுதியாகி, எதிரெதிர் என்றும் தெரிந்து, உடல் அறிகுறியும் நீங்கள் எழுதியபடியே இருந்தால் பயாப்சி வேண்டாம். குதிகால் நடை போய் நுனிக்கால் நிற்பது, முன்தொடை தப்பியது, பின்தொடை விழுந்தது, சிகே ஆயிரத்துக்குள் இருப்பது எல்லாம் ஜிஎன்இ மயோபதியின் அச்சு அசலான படம். இதற்கு நேர் எதிரானது டிஸ்ஃபெர்லின் குறையால் வரும் மியோஷி நோய்: அங்கே கெண்டைக்கால் முதலில் போகும், நுனிக்காலில் நிற்க முடியாது, சிகே பல ஆயிரம் இருக்கும்.

இரண்டாவது மாறுபாடு 'பொருள் தெளிவாகாதது' என்ற நிலையிலேயே நின்றால் முதலில் இரண்டு காலுக்கும் எம்ஆர்ஐ எடுங்கள், கொழுப்பைக் காட்டும் டி1 படங்களும் நீர்க்கோப்பைக் காட்டும் எஸ்டிஐஆர் படங்களும். பின்தொடையில் உள்ள பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலை சீக்கிரமே கொழுப்பாக மாறியிருக்கும், முன்தொடையில் உள்ள வாஸ்டஸ் லேட்டராலிஸ் கடைசிவரை தாங்கும். இந்தப் படம் வந்தால் அந்த மாறுபாட்டின் தரத்தை உயர்த்தச் சொல்லி ஆய்வகத்திடம் கேட்க நல்ல சான்று.

அப்படியும் பயாப்சி என்றால், இடம் தேர்வதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. பாதத்தைத் தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் பலமிழந்திருக்கிறது என்று அங்கேயே வெட்டினால் கொழுப்பும் நாரும் மட்டும் வரும். முன்தொடையில் வெட்டினால் ஆரோக்கியமான தசை வந்து 'இயல்பு' என்று அறிக்கை வரும். எம்ஆர்ஐயில் பாதி மாறிய தசையைப் பார்த்து எடுக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள்: பாரஃபின் கட்டையில், இந்த நோயின் அடையாளமாகத் தசை நாருக்குள் வரும் விளிம்புக் குமிழிகள் சரியாகத் தெரியாது. திரவ நைட்ரஜனில் குளிர்வித்த ஐசோபென்டேனில் உடனே உறைய வைத்து, மாற்றியமைத்த கோமோரி டிரைக்ரோம் சாயத்தில் பார்த்தால்தான் சிவந்த விளிம்போடு குமிழிகள் தெரியும். நேராக நைட்ரஜனில் முக்கினால் பனிப்படிகத் துளைகள் விழுந்து, அவற்றையே குமிழி என்று படிக்கும் ஆபத்து. உறைந்த துண்டு மைனஸ் 80 பெட்டியில் இருக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் வைத்தால் உருகி மீண்டும் உறைந்து எல்லாம் வீண். உலர்பனி ஏற்பாடு முன்கூட்டியே இருக்கட்டும்.

பயாப்சியில் சிலருக்கு அழற்சிச் செல்களும் தெரியும். அந்த அண்ணனுக்கு ஸ்டீராய்டு போனதற்கு இப்படியொரு வழியும் இருந்திருக்கலாம். இந்த நோயில் ஸ்டீராய்டால் பயனில்லை, தொடை இடுப்புத் தசைகளை அதுவே மேலும் பலவீனமாக்கும். இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவர் மூலம் படிப்படியாகக் குறைக்க வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது.

தட்டணுக்களை எண்ணியாயிற்றா? ஜிஎன்இ மாறுபாடு உள்ள சிலருக்குத் தட்டணுக்கள் குறைவாக இருக்கும். எந்த வெட்டுக்கும், பல் பிடுங்குவதற்கும் முன்னால் பாருங்கள். தங்கைக்குப் பிரசவம் வந்தால் அந்த மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கோப்புகளில் நோனாகா மயோபதி, விளிம்புக் குமிழித் தூரத்தசை நோய், பரம்பரை உள்ளடக்கப் பொருள் மயோபதி, முன்தொடை தப்பும் மயோபதி என்று எந்தப் பெயர் இருந்தாலும் எல்லாம் இதே நோய்தான். 1981இல் ஜப்பானில் நோனாகாவும், 1984இல் இஸ்ரேலில் ஆர்கோவும் யாரோமும் தனித்தனியாக எழுதினார்கள். 2001இல் மரபணு கிடைத்த பிறகே இரண்டும் ஒன்று என்பது தெளிவானது.

---

பீனிக்ஸ்_இயன்முறை

மூவருக்கும் மிக்க நன்றி. கழித்தல் போட்டுப் பார்த்தேன்: இரண்டாவது மாறுபாடும் புரதத்தில் 31, டிஎன்ஏவில் 93 என்று சரியாக வருகிறது. நாற்பது தாண்டிய ஒரு அக்கா இருக்கிறார், நடையில் குறையில்லை. அவரிடம் பேசுகிறேன்.

இன்னும் இரண்டு. சயாலிக் அமிலம்தான் குறைகிறது என்றால் அதையே கொடுத்தால் என்ன? வீட்டில் ஏற்கெனவே குளுக்கோசமைன் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார்கள். அடுத்தது ஏஎஃப்ஓ (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் கருவி): அண்ணனுக்குக் கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்திருக்கிறார்கள், போட்டால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்கிறார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் குடும்பம், வெறுங்காலில் நடக்க என்ன வழி என்றும் கேட்கிறார்.

---

சர்க்கரை_நொதி

மாத்திரை பற்றி முதலில்: கடையில் மூட்டுவலிக்கு விற்கும் குளுக்கோசமைன் இந்தப் பாதையில் பழுதான கட்டத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும் பொருள். பழுதைத் தாண்டி எதையும் அது கொண்டுபோகாது. வாங்கியதை நிறுத்தச் சொல்லுங்கள்.

சயாலிக் அமிலத்தை நேராகக் கொடுப்பது நியாயமான எண்ணம்தான். ஜிஎன்இ மாற்றம் உள்ள எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது தசை நோய் தடுக்கப்பட்டது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதர்களில் சாதாரணமாகக் கொடுத்தால் சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும், அதனால் மெல்லக் கரையும் வடிவம் செய்தார்கள். அசெனியுராமிக் அமிலம் என்ற அந்த மருந்தின் மூன்றாம் கட்டப் பரிசோதனை 89 பேரிடம் 48 வாரம் நடந்து, 2017இல் முடிவு வந்தபோது போலி மருந்தைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. ஜப்பானில் மட்டும் அங்கு நடந்த பரிசோதனைகளை வைத்து 2024இல் அனுமதி கிடைத்தது.

இன்னொரு பாதை மன்னோசமைன், அதாவது கைனேஸ் பாதிக்கு முன்னால் உள்ள பொருள். கைனேஸே பழுதான வி727எம் காரருக்கு அது எப்படி உதவும் என்று கேட்டால், என்ஏஜிகே என்ற வேறொரு சர்க்கரைக் கைனேஸும் கொஞ்சம் அந்த வேலையைச் செய்யக்கூடியது என்பதே பதில். அது இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கிறது. பரிசோதனைக்கு வெளியே பொடியாக வாங்கி அளவு போட்டுச் சாப்பிடுவதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். தூய்மைக்கும் உத்தரவாதம் இல்லை, ரத்த அளவைக் கண்காணிக்கவும் ஆள் இல்லை.

---

ஏஎஃப்ஓ_மாரிட்ஸ்பர்க்

கெட்டி ஏஎஃப்ஓ இந்த நோய்க்குத் தவறான தேர்வு, ஆரம்பக் கட்டத்தில் நிச்சயமாக. நாற்காலியிலிருந்து எழும்போது முழங்கால் பாத விரலுக்கு முன்னால் வர வேண்டும், அதற்குக் கணுக்கால் மடங்க வேண்டும். 90 டிகிரியில் பூட்டிய பிளாஸ்டிக் அந்த மடக்கத்தைத் தடுக்கிறது. இடுப்பும் பின்தொடையும் ஏற்கெனவே குறைந்தவருக்கு முன்தொடை மட்டும்தான் துணை. அந்தத் துணையையும் அது பயன்படுத்த விடாது. படிக்கட்டிலும் சரிவிலும் இதே சிக்கல் வரும்.

கெண்டைக்கால் பலம் இன்னும் நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் பின்பக்க இலைவில் வகை, இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும், கணுக்கால் முன்னால் மடங்கவும் விடும். கெண்டைக்காலும் மூன்றுக்கு இறங்கினால் முன்பக்கத் தகடு வைத்த கார்பன் ஃபைபர். நிற்கும்போது முழங்காலுக்கு முன்னாலிருந்து தாங்கும், எடையும் குறைவு. காலில் எடை கூடக்கூட இடுப்பு மடக்கும் தசை சீக்கிரம் களைக்கும், இந்த நோயில் அதுவும் பலவீனமாகும் தசை. விலைக்காக மட்டும் எடை கூடிய ஒன்றை எடுக்காதீர்கள்.

செருப்புக் கடையில் ஒரு அளவு பெரிய ஷூ, உள்ளங்கால் அட்டையை எடுத்துவிட்டுப் போட வேண்டும். இரண்டு காலுக்கும் ஒரே அளவு குதிகால் உயரம். குதிகால் உயரத்தை மாற்றினால் ஏஎஃப்ஓவின் கோணமே மாறிவிடும். டர்பன் வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் தையல் இல்லாத பருத்திக் காலுறை முழங்கால் வரை, நண்பகலில் ஒரு முறை மாற்ற வேண்டும். முதல் வாரம் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்துக்குள் மறையவில்லை என்றால் அந்த இடத்தைச் சூடாக்கி விரிக்கச் சொல்லுங்கள்.

காவடிக்கு: ஷூ இல்லாமல் கட்டக்கூடிய துணிப்பட்டை வகை இருக்கிறது. கணுக்காலுக்கு மேல் ஒரு பட்டை, நடுப்பாதத்தில் ஒரு பட்டை, இரண்டையும் இணைக்கும் ரப்பர் இழை. உள்ளங்கால் பெரும்பாலும் திறந்தே இருக்கும். சமதரையில் கொஞ்ச தூரத்துக்குப் போதும், நாள் முழுவதும் போதாது. ஊர்வலம் முழுவதும் நடப்பதைவிடக் கோயில் வாசலிலிருந்து கடைசிச் சுற்று மட்டும் நடப்பது பாதுகாப்பு. தாரில் சூடு ஏறுவதற்கு முன் காலையில். தலைக்கு மேலே தூக்கும் காவடி வேண்டாம். தடுக்கினால் சமாளிக்கும் கணுக்கால் தசை அவருக்கு இல்லை, இரு கையும் மேலே இருந்தால் பிடிக்கவும் முடியாது. பால்குடத்தை ஒரு கையால் அணைத்து, மறு கை ஒருவர் தோளில் இருக்கலாம்.

உடற்பயிற்சி உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். மிதமான அளவில் நீச்சல் அல்லது நிலைச் சைக்கிள். பாரத்தைத் தாங்கியபடி இறக்கும் வகைப் பயிற்சிகளைத் தவிருங்கள். பயிற்சிக்குப் பின் வலியோ தளர்ச்சியோ 48 மணி நேரம் தாண்டினால் அந்த அளவு அதிகம், குறையுங்கள். கணுக்கால் பின்னால் இறுகாமல் தினமும் நீட்டல் வேண்டும். இறுகிப்போனால் பிறகு எந்த ஏஎஃப்ஓவும் சரியாகப் பொருந்தாது.

---

மரபு_ஆலோசனை_கேப்

குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியதை யாரும் இன்னும் எழுதவில்லை.

மாறுபாடுகள் எதிரெதிர் என்று உறுதியானால், நோயுள்ளவரின் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றைச் சுமப்பார்கள், ஒன்று மட்டும் இருந்தால் தசை நோய் வராது. பிள்ளைகளுக்கு நோய் வருமா என்பது துணையைப் பொறுத்தது. துணையும் இந்திய வம்சாவளி என்றால் அவரிடம் வி727எம் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று சொல்வது போதாது, ஜிஎன்இ முழுவதும் பார்க்க வேண்டும். முன்னோர் தென்னாப்பிரிக்காவுக்கு மெட்ராஸ் கப்பலில் வந்த வழியா, கல்கத்தா கப்பலில் வந்த வழியா என்பதை வைத்து எதையும் கழித்துவிடவும் முடியாது. வி727எம் இந்தியாவில் பல இடங்களிலும் தாய்லாந்திலும் காணப்படுகிறது. அத்தை மகன், மாமன் மகள் முறையில் கலியாணம் பேசும் வீடு என்றால் பேச்சு எடுப்பதற்கு முன்னாலேயே சோதனை செய்துகொள்வது நல்லது. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வரும் தாள் இரண்டு குடும்பத்தையும் கிழித்துவிடும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே அறிகுறி இல்லாத பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம் என்று மூலக்கூறு_மேசை சொன்னதை வலியுறுத்துகிறேன். இது பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் தொடங்கும் நோய், சிறு வயதில் தெரிந்துகொண்டு இன்று செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லை. அந்த முடிவு அந்தப் பிள்ளை பெரியவராகி எடுக்க வேண்டியது. அக்காவிடம் கேட்கும்போதும் 'தம்பிக்காக ஒரு ரத்தம்' என்று மட்டும் சொல்லி எடுக்கக் கூடாது. அவருக்கே இரண்டும் இருப்பதாக விடை வரலாம். நோய் தாமதமாகத் தொடங்குபவர்களும் உண்டு. ரத்தம் எடுக்கும் முன் அவர் அதைத் தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு வழியாகவோ, எச்பிசிஎஸ்ஏ (தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழில்முறையாளர் கவுன்சில்) பதிவுள்ள மரபு ஆலோசகர் வழியாகவோ போகலாம்.

அண்ணனுக்கு நடை குறைந்திருப்பதால் வருமான வரிக்கு ஐடிஆர்-டிடி என்ற உடல் குறைபாட்டுச் சான்றுப் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்கி வையுங்கள். ஏஎஃப்ஓ, ஷூ மாற்றம், கைப்பிடி பொருத்திய ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இதயம் இந்த நோயில் பொதுவாகத் தப்பும், மூச்சு பிற்காலத்தில் குறையலாம். வருடம் ஒருமுறை எஃப்விசி (முழு மூச்சையும் ஊதி அளக்கும் சோதனை), உட்கார்ந்தும் படுத்தும்.

---

பீனிக்ஸ்_இயன்முறை

அக்காவிடம் நீங்கள் சொன்னபடியே முழுதாக விளக்கிவிட்டுத்தான் கேட்பேன். ஏஎஃப்ஓவை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: அதே குடும்பத்தில் ஒரு சித்தப்பா மகனுக்கும் பாதம் தொங்குகிறது. அவருக்கு வந்த தாளில் வி727எம் இரண்டு பிரதியிலும், அதாவது ஹோமோசைகஸ் என்று இருக்கிறது. அவருடைய தாய் தகப்பன் உறவு முறை இல்லை.

---

மூலக்கூறு_மேசை

அந்தத் தாளை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பிரதியில் வி727எம் இருந்து, மற்றப் பிரதியில் அந்த எக்ஸான் (மரபணுத் துண்டு) அடியோடு இல்லாமல் போயிருந்தாலும் இயந்திரம் 'இரண்டு பிரதியிலும்' என்றுதான் எழுதும். இந்த மரபணுவில் ஆலு என்ற, திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ தொடர்கள் இருப்பதால் பெரிய நீக்கங்கள் நடக்கின்றன, தொடக்கத்தில் உள்ள குறியீடற்ற பகுதியிலும் நீக்கங்கள் பதிவாகியிருக்கின்றன. வி727எம் நோயாளிகளிடம் பெரும்பாலும் வேறொரு மாறுபாட்டோடு சேர்ந்தே வருகிறது. தனியாக இரண்டு பிரதியிலும் வருவது குறைவு, வந்தாலும் மென்மையாக இருக்கும் என்றுதான் கருதுகிறார்கள். ஆகவே படி எண்ணிக்கை ஆய்வு (ஒவ்வொரு எக்ஸானும் எத்தனை பிரதி என்று எண்ணுவது) கேளுங்கள், மரபணு முழுவதற்கும், முதல் எக்ஸான்களையும் சேர்த்து. ஏற்கெனவே உள்ள எக்ஸோம் தரவிலேயே ஒவ்வொரு இடமும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்ற ஆழக் கணக்குப் போட்டு முதலில் பார்க்கலாம், புது ரத்தம் வேண்டியதில்லை. அவருடைய தாய் தகப்பன் உயிரோடு இருந்தால் அதைவிட எளிது: இருவரில் ஒருவரிடம் வி727எம் இல்லை என்றால், அந்த வழியில் வந்த பிரதியில் நீக்கத்தைத் தேடுங்கள்.

மூன்று தாளையும் திருத்தி வாங்கும்போது எல்லாவற்றிலும் என்எம்_001128227 வைத்தே எழுதி, பழைய எண்ணையும் கீழே ஒரு வரியில் போடச் சொல்லுங்கள். தங்கை தாளில் 'பொருள் தெளிவாகாதது' என்று உள்ள மாறுபாட்டுக்கு, எதிரெதிர் என்ற விடையும் எம்ஆர்ஐ அறிக்கையும் கைக்கு வந்ததும் இரண்டையும் இணைத்து மறுவகைப்படுத்தல் கோரி எழுத்தில் அனுப்புங்கள்.